புதுப்பித்த மோட்டார் சைக்கிள் எந்திரத்தில் டேப்பெட் ஓசை

எந்திரமொன்றைப் பிரித்து, தேய்ந்த பகுதிகளை மாற்றி, மீண்டும் கோத்து முடித்தபின் முதன்முறையாக அதனை இயக்கும்போது, உரிமையாளரும் பழுது பார்ப்பவரும் முதலில் செவி கொடுப்பது அதன் ஓசைக்கே. சீரான முழக்கத்தினூடே 'டிக், டிக்' என்னும் மெல்லிய உலோக ஒலியும் கலந்து வந்தால், 'டேப்பெட் சத்தம்' என்று உடனே முடிவு கட்டிவிடுவது வழக்கம். சிலர் அக்கணமே ஸ்பேனரை எடுத்து, ஓசை அடங்கும் வரையில் டேப்பெட்டை இறுக்குவர். வேறு சிலர் அச்சமுற்று எந்திரத்தையே மறுபடியும் பிரிப்பர். முதலாவது முறை எந்திரத்துக்குக் கேடு. இரண்டாவது, பொருளுக்கும் காலத்துக்கும் கேடு.

அந்த ஓசை எங்கிருந்து, எப்பொழுது, எந்த இடைவெளியில் எழுகிறது என்பதை வகுத்தறிந்தால், பெரும்பாலான எந்திரங்களில் எதனையும் பிரிக்காமலேயே காரணத்தைக் கண்டுகொள்ளலாம். அதற்கு வேண்டுவன கூர்ந்த செவியும், சில எளிய கருவிகளும், டேப்பெட்டின் தொழிலைப் பற்றிய தெளிவுமே. ஓர் உண்மையை மட்டும் தொடக்கத்திலேயே மனத்திற்கொள்ளுதல் நலம். தளர்ந்த டேப்பெட் சத்தமிட்டு எச்சரிக்கும். அளவுக்கு மீறி இறுகிய டேப்பெட் சத்தமேயின்றி வால்வை எரித்துவிடும்.

இவ்விஷயத்தை விளக்குவதற்கு நம் நாட்டில் நன்கு பழகிய புல்லட் மோட்டார் சைக்கிளே ஏற்ற சான்றாகும். இங்கிலாந்திலுள்ள ரெட்டிச் நகரின் என்ஃபீல்டு நிறுவனம் உருவாக்கிய இவ்வண்டியை, 1955-ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் கோத்து உருவாக்கத் தொடங்கினர். நாளடைவில் அதன் உறுப்புகள் யாவும் இந்நாட்டிலேயே செய்யப்பட்டன. எந்திர உருளையின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டனின் வீச்சு 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். வார்ப்பிரும்பு உருளை கொண்ட இப்பழைய எந்திரம் அரை நூற்றாண்டுக்கு மேலாக, ஏறத்தாழ 2010 வரையில், பெரிய மாறுதலின்றி உற்பத்தி செய்யப்பட்டது. திருவனந்தபுரம் போன்ற நகரங்களில் அத்தகைய வண்டிகளைப் புதுப்பித்து ஓட்டுவோர் இன்றும் பலர் உளர். 2008-2009 ஆண்டுகளில் விற்பனைக்கு வந்த அடுத்த தலைமுறை எந்திரத்தில், எண்ணெயின் அழுத்தத்தால் தானே சரிசெய்து கொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் இடம் பெற்றது. ஆகவே, ஒரே பெயருடைய வண்டியில் இருவகை டேப்பெட்டுகளையும் ஒருங்கே காணலாம். ஓசையின் காரணங்களும் அதற்கேற்ப வேறுபடுகின்றன.

ஓசை பிறக்கும் விதம்

நான்கு வீச்சு எந்திரத்தில் கிராங்குத் தண்டு இருமுறை சுழலும்போது காம் தண்டு ஒருமுறை சுழலும். காம் என்பது ஒருபுறம் மேடாக அமைந்த முட்டை வடிவச் சக்கரம். அதன் மேட்டுப் பகுதி டேப்பெட்டை மேலே உயர்த்துகிறது. டேப்பெட், பட்டறைகளில் புஷ்ராடு எனப்படும் தள்ளுகோலை உயர்த்துகிறது. தள்ளுகோல் ராக்கர் கையின் ஒரு முனையை மேலே தள்ள, அதன் மறுமுனை கீழிறங்கி வால்வைத் திறக்கிறது. மேடு கடந்ததும் சுருள்வில்லின் விசையால் வால்வு மீண்டும் தன் இருக்கையில் அமர்கிறது.

இத்தொடரில் எங்கேனும் இடைவெளி இருந்தால், காம் உயரத் தொடங்கியதும் அந்த இடைவெளி முதலில் மூடிக்கொள்ள வேண்டும். காமின் மேடு திடீரென உயர்வதில்லை. தொடக்கத்திலும் முடிவிலும் மெல்லிய சரிவு அமைத்தே அதனைக் கடைந்திருப்பார்கள். இடைவெளி அச்சரிவின் உயரத்துக்குள் அடங்கினால் உலோகமும் உலோகமும் மெதுவாகச் சந்திக்கும்; ஓசை எழாது. இடைவெளி அதனினும் மிகுந்தால், சரிவைக் கடந்து வேகமாக உயரும் பகுதியில் அவை மோதிக்கொள்ளும். மூடும்போதும் வால்வு தன் இருக்கையில் அறைந்து விழும். நாம் கேட்கும் 'டிக்' என்னும் ஒலி இம்மோதலே. மில்லிமீட்டரின் சிறு பின்னமே ஓசைக்கும் அமைதிக்கும் இடையிலுள்ள வேறுபாடு.

பழைய எந்திரமும் வெப்பமும்

எந்திரம் சூடேறும்போது அதன் உறுப்புகள் நீள்கின்றன. ஆனால் எல்லாம் ஒரே அளவில் நீள்வதில்லை. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு 100 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 0.11 மில்லிமீட்டர் நீளும். அதே அளவுள்ள அலுமினியம் ஏறத்தாழ 0.23 மில்லிமீட்டர், அதாவது இருமடங்கு, நீளும். உருளை நீண்டு அதன் தலைப்பகுதி உயர்ந்தால் டேப்பெட் இடைவெளி கூடும். தள்ளுகோல் நீண்டால் இடைவெளி குறையும். பழைய புல்லட்டில் உருளை வார்ப்பிரும்பாலும் தள்ளுகோல் அலுமினியக் கலவையாலும் ஆனவை. உருளையைவிடத் தள்ளுகோல் குறைவாகவே சூடேறுகிறது. எனினும் அதன் உலோகம் அதிகம் நீளுமாதலால் இரண்டும் பெரும்பாலும் ஈடாகிவிடுகின்றன.

இதனாலேயே, குளிர்ந்த நிலையில் ஏறத்தாழ இடைவெளியே இல்லாதபடி இவ்வெந்திரத்தைச் சரிசெய்ய முடிகிறது. உருளையின் வலப்புறமுள்ள சிறு மூடியைக் கழற்றினால் தள்ளுகோல்களின் அடிமுனையில் சரிசெய்யும் திருகுகள் தெரியும். கோலை விரல்களால் பற்றிச் சுழற்றினால் அது தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழுமாக அசைத்தால் ஆட்டம் இருத்தலாகாது. இதுவே சரியான அளவு. திருவனந்தபுரத்தில் இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே 'குளிர்ந்த எந்திரம்' என்பதற்கு இங்கே பொருள், ஓர் இரவு முழுவதும் ஓய்வாக விட்ட எந்திரம் என்பதே. அரைமணி நேரம் நிறுத்தி வைத்த எந்திரத்தில் எடுத்த அளவு பயன்படாது.

மேற்கண்ட கணக்கிலிருந்து மற்றொன்றும் விளங்கும். புதுப்பிக்கும்போது மூல உறுப்புக்குப் பதிலாக எஃகுத் தள்ளுகோல் பொருத்தப்பட்டிருந்தால், அது உருளையோடு ஈடாக நீளாது. குளிர்ந்தபோது அமைதியாக இருந்த எந்திரம் சூடேறியதும் சத்தமிடும். இக்குறையைத் திருகைக் கொண்டு தீர்க்க முயல்வது வீண்.

எண்ணெயால் இயங்கும் டேப்பெட்

ஹைட்ராலிக் டேப்பெட் புதிய கருத்தன்று. அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் 1930-இல் வெளியிட்ட பதினாறு உருளை எந்திரத்திலேயே இம்முறை கையாளப்பட்டது. இதன் அமைப்பு எளிது. வெளியே ஓர் எஃகு உறை. அதனுள் நகரும் பிளஞ்சர். பிளஞ்சரின் கீழே சிறு சுருள்வில். எண்ணெய் உள்ளே புகலாம், திரும்ப வரலாகாது என்னும் வண்ணம் வாயிலைக் காக்கும் சிறிய எஃகுக் குண்டு ஒன்று.

காமின் மேடு விலகியிருக்கும் நேரத்தில் சுருள்வில் பிளஞ்சரை மேலே தள்ளி இடைவெளியை மூடுகிறது. உண்டான வெற்றிடத்தில் எண்ணெய் நிரம்புகிறது. மேடு வந்து டேப்பெட்டை உயர்த்தும்போது குண்டு வாயிலை அடைக்கிறது. திரவம் எளிதில் அமுங்காதாகையால், சிறைப்பட்ட எண்ணெய் ஒரு திண்மையான கோல் போன்று தொழிற்படுகிறது. பிளஞ்சருக்கும் உறைக்கும் இடையேயுள்ள மிகமிக நுண்ணிய சந்து வழியாக ஒவ்வொரு முறையும் சிறிதளவு எண்ணெய் கசியும்; அடுத்த ஓய்வில் அது மீண்டும் நிரம்பும். உலோகம் எவ்வளவு நீண்டாலும் தேய்ந்தாலும் இடைவெளி தானே சரியாகிவிடுவது இவ்வாறே.

இதிலிருந்து குறைகளையும் ஊகித்தறியலாம். எண்ணெயோடு காற்றுக் குமிழ் கலந்தால், காற்று அமுங்கும் தன்மையதாகையால் டேப்பெட் மெத்தை போலாகி ஓசை எழுப்பும். குண்டின் கீழ்த் தூசு சிக்கினால் எண்ணெய் திரும்பி ஓடிவிடும். எண்ணெய் மிகவும் நீர்த்தாலோ சந்து தேய்ந்து அகன்றாலோ கசிவு மிகும். அப்போது எந்திரம் நன்கு சூடேறிய பிறகே ஓசை கேட்கும். நெடுநேரம் நின்ற வண்டியில், முதலில் சில நொடிகள் மட்டும் கேட்டு மறையும் ஓசையோ வடிந்த எண்ணெய் மீண்டும் நிரம்பும் வரையிலான இயல்பான நிகழ்ச்சி. அதற்காகக் கவலையுற வேண்டுவதில்லை.

ஓசையை இனங்காணல்

முதலில் ஓசையின் தாளத்தைக் கவனிக்க வேண்டும். எந்திரம் நிமிடத்துக்கு 1000 சுற்று வீதம் மெதுவாக ஓடுவதாகக் கொள்வோம். காம் தண்டு 500 சுற்றே சுழலும். ஆகவே ஒவ்வொரு வால்வும் நொடிக்கு ஏறத்தாழ 8 முறை திறக்கும். கிராங்குத் தண்டோ நொடிக்கு ஏறத்தாழ 17 முறை சுழலும். இவற்றைச் செவியால் எண்ணுவது கடினம். எனினும் எண்ண வேண்டிய தேவையில்லை. ஒற்றை உருளை எந்திரத்தில் சைலன்சரிலிருந்து எழும் முழக்கம் இருசுற்றுக்கு ஒன்றே. அதனையே கடிகாரமாகக் கொள்ளலாம். ஒரு முழக்கத்துக்கு ஒரு 'டிக்' எனில் காமைச் சார்ந்த உறுப்பில் ஐயங்கொள்ளலாம். ஒரு முழக்கத்துக்குச் சமமான இடைவெளியில் இரண்டு தட்டுகள் எனில், கிராங்குத் தண்டோடும் பிஸ்டனோடும் தொடர்புடையதாக அது இருக்கலாம். இரண்டு வால்வுகளுமே தளர்ந்திருந்தாலும் இரண்டு தட்டுகள் கேட்கக்கூடும். ஆயின் அவை சமமான இடைவெளியில் அமைவதில்லை.

தாளம் மட்டும் போதிய சான்றாகாது. பிஸ்டனின் தட்டலும் பெருமுனைத் தாங்கியின் இடியும் எரிதல் நிகழும் வீச்சிலேயே மிகுந்து ஒலிப்பதால், அவையும் சிலவேளை முழக்கத்துக்கு ஒன்றாகவே கேட்கும். ஆகவே இரண்டாவதாக, ஓசையின் இடத்தை ஆராய வேண்டும். நீண்ட திருப்புளியின் முனையை எந்திரத்தின் மீதும் அதன் பிடியைக் காதருகிலும் வைத்து, ராக்கர் மூடி, டேப்பெட் மூடி, உருளையின் நடுப்பகுதி, கிராங்கு அறை என ஒவ்வோரிடமாகக் கேட்டால், எவ்விடத்தில் ஒலி கூர்மையாக இருக்கிறதோ அவ்விடத்துக்கு அருகிலேயே அதன் பிறப்பிடம் உள்ளது. சுழலும் பகுதிகளில் ஆடையோ தலைமுடியோ சிக்காதபடி எச்சரிக்கை வேண்டும்.

மூன்றாவதாக, வெப்பமும் சுமையும் உண்டாக்கும் மாறுதலை நோக்க வேண்டும். குளிர்ந்தபோது மிகுந்து சூடேறியதும் அடங்கும் மந்தமான தட்டல், பெரும்பாலும் பிஸ்டனுக்கும் உருளைக்கும் இடையே இருக்கும் மிகையான இடைவெளியால் வருவது. மேட்டில் ஏறும்போது கனத்து ஒலிக்கும் இடி, பெருமுனைத் தாங்கியைச் சுட்டும். டேப்பெட் ஓசையோ சுமையால் அதிகம் மாறுவதில்லை. வேகத்தோடு மட்டும் விரையும். திருவனந்தபுரத்திலிருந்து 22 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பொன்முடிக்கு ஏறும் சாலை, இவ்வேறுபாட்டை அறிய இயற்கையே அமைத்த சோதனைச்சாலை எனலாம். ஆனால், புதிதாகக் கோத்த எந்திரத்தை அத்தகைய ஏற்றத்தில் உடனே வருத்துதல் தகாது. குறித்த தொலைவு பழக்கிய பின்னரே இச்சோதனை செய்யத்தக்கது. அதற்கு முன் ஓர் எளிய பாலத்து ஏற்றமே போதுமானது.

நான்காவதாக, டேப்பெட்டைப் போலவே ஒலித்து ஏமாற்றும் ஒன்றை விலக்கிவிட வேண்டும். சைலன்சர் குழாய் உருளைத் தலையோடு சேரும் மூட்டில் புகை கசிந்தால், அதுவும் முழக்கத்துக்கு ஒருமுறை 'டிக்' என்றே ஒலிக்கும். மூட்டைச் சுற்றிக் கரி படிந்திருத்தல் அதன் அடையாளம். எந்திரம் குளிர்ந்திருக்கும்போது மூட்டில் சோப்பு நீரைத் தடவி இயக்கினால் குமிழ்கள் தோன்றிக் கசிவைக் காட்டிவிடும். ஒரு சிறு கேஸ்கெட்டால் தீரக்கூடிய இக்குறைக்காக எந்திரத்தையே பிரிப்பது எத்துணைப் பெரிய இழப்பு!

புதுப்பித்த எந்திரத்துக்கே உரிய குறைகள்

பல ஆண்டுகள் ஓடித் தேய்ந்த எந்திரத்தின் ஓசைக்கும், புதிதாகக் கோத்த எந்திரத்தின் ஓசைக்கும் காரணங்கள் வேறு. பின்னதில், குறை பெரும்பாலும் கோத்த முறையிலேயே இருக்கும்.

பிஸ்டன் தன் மேல் எல்லையை ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை அடைகிறது: அமுக்க வீச்சின் முடிவில் ஒருமுறை; புகையை வெளியேற்றும் வீச்சின் முடிவில் ஒருமுறை. பின்னதில் இரு வால்வுகளுமே சற்றுத் திறந்திருக்கும். அந்நிலையில் சரிசெய்த டேப்பெட் நிச்சயம் தவறாகவே அமையும். அமுக்க வீச்சின் முடிவில், இரு டேப்பெட்டுகளும் தாழ்ந்திருக்கும் நிலையிலேயே அளவெடுக்க வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போது திருகும் உடன் சுழன்று அளவு மாறிவிடுவதுண்டு. ஆதலால் இறுக்கிய பின் மீண்டும் ஒருமுறை சோதித்தல் இன்றியமையாதது.

பழைய டேப்பெட்டும் காமும் ஒன்றோடொன்று உராய்ந்து பொருந்தியவை. பிரிக்கும்போது அடையாளமிடாமல் இடம் மாற்றினாலோ, தேய்ந்த டேப்பெட்டைப் புதிய காமின் மீது வைத்தாலோ, எவ்வளவு சரிசெய்தும் ஓசை தீராது; காமும் விரைவில் கெடும். இரு தள்ளுகோல்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

எண்ணெய் வழிகளில் அடைப்பு மற்றொரு காரணம். மூட்டுகளில் அளவுக்கு மீறிப் பூசிய பசை உள்ளே பிதுங்கி, துண்டுகளாக உதிர்ந்து மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். ராக்கருக்கு எண்ணெய் வருகிறதா என்பதை உரிய மூடியையோ குழாய் இணைப்பையோ தளர்த்திப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். எண்ணெய் வராமையால் எழும் ஓசையைப் பொருட்படுத்தாது எந்திரத்தை ஓட்டினால், புதுப்பித்த உழைப்பு முழுதும் சில கிலோமீட்டரிலேயே பாழாகும்.

ஹைட்ராலிக் டேப்பெட்டுள்ள எந்திரத்தில், கோப்பதற்கு முன் டேப்பெட்டுகளைத் தூய எண்ணெயில் மூழ்க வைத்துக் காற்றை அகற்றுதல் நன்று. பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, எண்ணெய் மேலே வந்து சேரும் வரை எந்திரத்தை மெல்லச் சுழற்ற வேண்டும். இவ்வளவும் செய்தபின் ஓசை சில நிமிடங்களுக்குமேல் நீடித்தால், டேப்பெட்டைப் பழிக்குமுன் அளவுகளை ஆராய வேண்டும். ஏனெனில், வால்வு இருக்கையை அரைக் மில்லிமீட்டர் ஆழமாகக் கடைந்தால் வால்வின் தண்டு அவ்வளவு உயர்ந்து நிற்கும். பிளஞ்சர் அதற்கேற்ப உள்ளே அமுங்கும். உருளைத் தலையைத் தேய்த்துச் சமப்படுத்தினாலும் இதுவே விளையும். பருமனான கேஸ்கெட் வைத்தாலோ பிளஞ்சர் மேலே வந்து தன் எல்லையில் நின்றுவிடும். அதற்கு மேலுள்ள இடைவெளியை மூட இயலாமல் ஓசை எழும். தானே சரிசெய்துகொள்ளும் உறுப்பாயினும் அதன் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு.

ஈரக் காற்றும் மழைக்காலமும்

திருவனந்தபுரம் இரு பருவக்காற்றுகளாலும் மழை பெறும் கடலோர நகரம். ஆண்டின் பெரும்பகுதியில் காற்று ஈரம் நிறைந்தே இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. இதிற் பெரும்பகுதி சைலன்சர் வழியே வெளியேறும். சிறுபகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கிராங்கு அறைக்குள் புகும். எந்திரம் நன்றாகச் சூடேறினால் அதுவும் ஆவியாகி அகன்றுவிடும். பாளையத்திலிருந்து சாலைக் கடைவீதி வரையில் போய்வருவது போன்ற குறுகிய பயணங்களுக்கே பயன்படும் வண்டியில் எண்ணெய் போதிய சூட்டை அடைவதில்லை. நீர் எண்ணெயிலேயே தங்கிவிடும். எண்ணெய் மூடியின் உட்புறம் பால் போன்ற வெண்ணிற நுரை காணப்படுதல் இதன் அறிகுறி. நுண்ணிய சந்துகளையே நம்பியிருக்கும் ஹைட்ராலிக் டேப்பெட்டுக்கு இந்நீரும் அதனால் விளையும் துருவும் பெரும்பகை. வாரத்துக்கு ஒருமுறையேனும் சற்றுத் தொலைவு ஓட்டுதலும், எண்ணெயைக் காலந்தவறாமல் மாற்றுதலும் இதற்கு மருந்து. பிரித்த உறுப்புகளை மழைக்காலத்தில் எண்ணெய் தடவாது திறந்து வைத்தலும் தவிர்க்கத்தக்கது.

அமைதியின் ஆபத்து

வெளியேற்று வால்வின் தலை எரியும் வாயுக்களால் ஏறத்தாழ 700 பாகை செல்சியஸ் வரை சூடேறக்கூடும். அவ்வெப்பத்தின் பெரும்பகுதி, வால்வு தன் இருக்கையில் அமர்ந்திருக்கும் நேரத்தில்தான் உருளைத் தலைக்குக் கடத்தப்படுகிறது. இடைவெளியே இல்லாதபடி இறுக்கினால் வால்வு முற்றிலும் மூடாது. வெப்பம் வெளியேற வழியில்லை. எரியும் வாயுவும் அச்சந்து வழியே சீறிப் பாயும். சில நாட்களில் வால்வின் விளிம்பு கருகி உடையும். இவ்வளவும் நிகழும்போது எந்திரம் முன்னினும் அமைதியாகவே ஓடிக்கொண்டிருக்கும்!

புதிதாகக் கோத்த எந்திரத்தில் வால்வுகள் தம் இருக்கைகளில் நன்கு பதிவதாலும், கேஸ்கெட் அமுங்குவதாலும் டேப்பெட் இடைவெளி முதலில் குறையவே செய்யும். ஆகையால், திருகு முறையில் அமைந்த எந்திரத்தை முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் சோதித்தல் வேண்டும். நாளுக்கு நாள் ஓசை கூடினால் தேய்மானத்தை ஐயுறுக. நாளுக்கு நாள் ஓசை குறைந்து, எந்திரத்தின் இழுவையும் குறைந்தால், அது நற்செய்தி என்று எண்ணிவிட வேண்டா.

எனவே, ஓசை கேட்டதும் எண்ணெயின் அளவையும் தரத்தையும் முதலில் பார்க்க. அடுத்து, தாளத்தையும் இடத்தையும் செவியால் அறிக. சைலன்சர் மூட்டின் கசிவை விலக்குக. ஓர் இரவு குளிரவிட்டு இடைவெளியைச் சோதிக்க. ராக்கருக்கு எண்ணெய் வருவதை உறுதி செய்க. இவ்வைந்துக்கும் செலவு மிகக் குறைவு. இவற்றால் விளங்காத ஓசைக்கு மட்டுமே எந்திரத்தைப் பிரித்தல் தகும். அவ்வாறு பிரிக்க நேர்ந்தாலும், எதைத் தேடுகிறோம் என்பதை அறிந்த கையே அதனைப் பிரிக்கும்.